ஓநாய்க் கட்டை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வலது ஆள்காட்டி விரல் தேவாலய ஆர்கனின் ஒரு கறுப்புக் கட்டைமேல் இருந்தது. எடுக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் காரெல்ட், சுருதி சேர்ப்பவர். ஆர்கனின் வயிற்றுக்குள், குழாய்களுக்கு நடுவே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் "அடுத்தது" என்று சொல்லும்வரை அழுத்திய கட்டை அழுத்தியபடியே இருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஹில்கெ கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாரிங்கவுர்ட் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவள் அவள். எனக்குப் பக்கத்து வீடு.

மரப்படியில் பூட்ஸ் சத்தம். ரேம்ட் ஏறி வந்தான். ஹில்கெயின் முன்னாள் கணவன். ஊர்த் தண்ணீரைக் கடலுக்கு இறைத்துத் தள்ளும் பம்பு நிலையத்தில் வேலை. அதோடு ஊரின் பித்தளை வாத்தியக் கோஷ்டிக்குத் தலைவன், குழலை இழுத்து இழுத்து ஊதும் டிராம்போன் வாசிப்பான்.

"ஹில்கெ, அந்தக் கட்டையக் கொஞ்சம் ஏத்திவிடச் சொல்லு. ஆளு உள்ளதான இருக்காரு. வேலையோட வேலையா முடிஞ்சுரும்."

"எந்தக் கட்டைய?"

"இவ விரல் வச்சிருக்காளே, அதை."

நான் அறியாமல் விரலை எடுத்துவிட்டேன். "கட்டை!" என்று உள்ளேயிருந்து காரெல்ட் கத்தினார். மறுபடி அழுத்தினேன்.

"இது ஜி-ஷார்ப்பு. இந்தக் கோயில்ல உன் தாத்தாவுக்குத் தாத்தா ஞானஸ்நானம் வாங்கறப்பவும் ஜி-ஷார்ப்புதான். உன் பொண்ணு கல்யாணத்துக்காக ஏ-ஃபிளாட் ஆகாது."

"என் பொண்ணா? நேத்து வரைக்கும் நம்ம பொண்ணா இருந்தா."

"நேத்து அவ என்கிட்ட வந்து, அப்பா எந்த சுருதிக்கும் சரின்னுட்டாருன்னு சொன்னா."

"என்கிட்ட, அம்மா கட்டைய மாத்த ஒத்துக்கிட்டான்னு சொன்னா."

மகள் இருவரிடமும் பொய் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்த அந்தக் கணத்தில் சேர்ந்து சிரித்திருக்கலாம். நான் கற்பனையாக எழுதியிருந்தால் சிரிக்க வைத்திருப்பேன். சிரிக்கவில்லை.

"அதானே, உனக்கு எதுவும் இறங்காதே" என்றான் ரேம்ட். "ஒரு மயிரிழை இறங்க மாட்டே."

"நீ இறங்கேன். ஜி-யில வாசியேன். உன் ஆளுங்க கை என்ன கழண்டா விழுந்துரும்?"

"அவங்க நம்ம பொண்ணு கேட்ட பாட்டைக் கடலணை மேல, காத்துல, காகிதமே இல்லாம வாசிக்கிறவங்க. கொம்பு ஊதற ஃபோக்கோவுக்கு எழுபத்தெட்டு வயசு. உதடு எங்க உட்கார்ந்து பழகுச்சோ அங்கதான் உட்காரும்."

"அடுத்தது!" என்றார் காரெல்ட்.

அடுத்த கட்டைக்குப் போனேன். சண்டையும் அடுத்த கட்டத்துக்குப் போனது. அதில் ஆர்கன் பற்றி ஒன்றும் இல்லை. அதை எழுதப்போவதில்லை.

2

தொடக்கங்கள் சிலவற்றைக் கிழித்துப் போட்டேன்.

வடகடல் ஓரத்துப் புல்வெளியில், ஒரு மண்மேட்டின்மேல், செங்கல் தேவாலயம் ஒன்று

[சுற்றுலாத் துறைக்கு விண்ணப்பம் போடுவதுபோல இருக்கிறது. மேலும், இங்கே குடியிருப்பவர்கள் யாரும் மேட்டைப் பார்ப்பதில்லை. சைக்கிளை மிதிக்கும்போது மட்டும் திட்டுவோம்.]

மனிதனின் காது ஒரு விசித்திரமான

[வேண்டாம்.]

இரண்டு பேர் பிரிந்தது ஏன் என்பதை விளக்க ஒரு கட்டை போதும் என்றால்

[இதுதான் ஆபத்தான தொடக்கம். இப்படி ஆரம்பித்தால் கதை முழுக்க உவமையாகிவிடும். ஆர்கன் பாவம், அது ஆர்கனாகவே இருக்கட்டும்.]

ஆனால் அந்தக் கட்டையின் சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

தம்புரா கேட்டிருக்கிறீர்கள். நாலு தந்தியும் சேர்ந்துவிட்டால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதிலிருந்து தானாகக் கேட்கும். அந்தக் காந்தாரம்தான் பழைய ஐரோப்பிய ஆர்கன்காரர்களின் ஆசை. ஆனால் ச-வுக்குப் ப, அந்தப் ப-வைச் ச-வாக வைத்து இன்னொரு ப என்று சுத்தமாக அடுக்கிக்கொண்டே போனால், நாலாவது படியில் கிடைக்கும் காந்தாரம் கூராகி நெருடும். அதனால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் காது மன்னிக்கிற அளவுக்கு, மயிரிழை குறைத்தார்கள். காந்தாரம் தேனாக வந்தது. இப்படிக் குறைத்துக் குறைத்துப் பதினோரு பஞ்சமம் வைத்தபின், பன்னிரண்டாவது இடத்தில் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சியது. விருந்தில் பதினோரு இலையிலும் இனிப்பாகப் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் மிச்சமான கசப்பையெல்லாம் கடைசி இலையில் கவிழ்த்ததுபோல. அந்த இடத்தைத் தொட்டால் ஆர்கன் ஊளையிடும். அதனால் அதற்கு ஓநாய் என்று பெயர்.

இன்றைய பியானோவில் கசப்பைப் பன்னிரண்டு இலைக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டார்கள். ஊளை இல்லை. தேனும் இல்லை. ஜி-ஷார்ப்பும் ஏ-ஃபிளாட்டும் அங்கே ஒரே கட்டையின் இரண்டு பெயர்கள். ஹாரிங்கவுர்ட்டில் அப்படி இல்லை. கறுப்புக் கட்டை ஜி-ஷார்ப் மட்டும்தான். ஏ-ஃபிளாட் அதைவிடக் கொஞ்சம் மேலே, குழாயே இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்குப் பதிலாக இந்தக் கட்டையை அழுத்தினால்தான் ஓநாய் எழும்.

மகள் டாலெயா தன் கல்யாணத்துக்குக் கேட்ட பாட்டு ஏ-ஃபிளாட்டில். கேட்டது, அப்பாவின் கோஷ்டியும் அம்மாவின் ஆர்கனும் சேர்ந்து.*

* இங்கே பேசுவது தாழ்நிலத்து ஜெர்மன். நான் இங்கே வந்து இவ்வளவு காலமாகிவிட்டதால் அது என் காதில் தமிழாகத்தான் விழுகிறது. ரேம்ட் "மயிரிழை" என்று சொல்லவில்லை. சொன்னதை எழுதினால் அச்சில் ஏறாது.

3

ஹில்கெ வாரநாட்களில் எம்டன் நகரத்தில் காதுக் கருவி விற்கும் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க, "இப்பக் கேக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவள். வீட்டுக்கு வந்தால் வானொலி கூட வைக்க மாட்டாள். அவளுக்கு அந்த ஆர்கன் பிடித்ததற்குக் காரணம் அதன் வயது இல்லை. "எஃப்-மேஜர் வை, கேளு" என்பாள். வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒலி அசையாமல் நிற்கும். மேஜைமேல் வைத்த தண்ணீர் போல.

சண்டை நடந்த வாரத்தின் சனிக்கிழமை மதியம், கோயிலைப் பெருக்கும் முறை என்னுடையது. நான் பீடத்தருகே துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஆர்கன் இருக்கும் மாடத்தில் ஏறினாள். அந்தப் பாட்டை, அது எழுதப்பட்ட ஏ-ஃபிளாட்டிலேயே வாசித்தாள். முதல் சுரத்திலேயே ஓநாய் எழுந்தது. வாளியைக் கீழே போட்டேன். அவள் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தாள். எந்த இடங்களில் அது கடிக்கிறது என்று பல்லைத் தடவிப் பார்க்கிற மாதிரி. பிறகு திடீரென்று ஊளை நின்றது. பாட்டு தொடர்ந்தது, ஆனால் நடுநடுவே ஏதோ காணவில்லை. படிக்கட்டில் படி இல்லாத இடங்கள் போல.

இறங்கி வந்தாள். "கேட்டியா?"

"என்ன பண்ணே?"

"கெட்ட கட்டையத் தொடாம விட்டுட்டேன். சி இருக்கு, ஈ-ஃபிளாட் இருக்கு. நல்லாத்தான் இருக்கு ரெண்டும். அடியில ஏ-ஃபிளாட்தான் இல்ல."

"அது இல்லாம பாட்டா?"

"அது இல்லாம பாட்டே இல்ல. வீடே அதுதான். நான் சன்னல் மட்டும் வாசிக்கிறேன்." துடைப்பத்தின்மேல் சாய்ந்து நின்றாள். "டிராம்போன்ல கட்டை கிடையாது, தெரியுமா? இழுக்கற இடமெல்லாம் சுருதி. ஏ-ஃபிளாட் எங்க இருக்கோ அங்க போய் நிக்கும். அதை அவன் வாசிச்சா, ஓட்டை அடைஞ்சுரும்."

"அப்ப முடிஞ்சுது. போய்க் கேளு."

"அவன் அன்னைக்கு வரலன்னா?"

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். ஹில்கெயின் அப்பா அடக்கத்தின்போது, அவளும் ரேம்டும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவர்கள் அப்போது கணவன் மனைவி. அவள் மாடத்தில் கை தூக்கிக் காத்திருந்தாள். போதகர் திரும்பிப் பார்த்தார். சவப்பெட்டி தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வரவேயில்லை. பம்பு பழுதாகிவிட்டது என்று மாலையில் சொன்னான். அவள் அவனோடு மேலும் சில வருடங்கள் வாழ்ந்தாள். ஆனால் அவனுக்காக எதையும் காலியாக விட்டுவைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

[இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இட்டுக்கட்டியிருக்கலாம். அவள் சொன்னது, "அப்புறம் நான் அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கல" என்பது மட்டும்.]

4

ரேம்டை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதல் பிரதியில் அவன் முரடன். அப்படி எழுதுவது சுலபம். தோளும் பூட்ஸும் அதற்குத் தோதானவை. நாலு பக்கம் எழுதியபின் அவனை நான் சண்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரியாக, ஹில்கெயின் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து. அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பம்பு நிலையத்துக்குப் போனேன். சாக்குக்கு என் வீட்டு வாய்க்காலில் பாசி அடைத்திருப்பதைச் சொன்னேன்.

"கதை எழுதறியாமே" என்றான்.

"யார் சொன்னது?"

"காரெல்ட். அவர் காது பழைய குழாய் மட்டுமா கேக்கும்?"

தேநீர் ஊற்றினான். கோப்பையின் அடியில் போட்டிருந்த கற்கண்டு சூட்டில் வெடித்தது. பிறகு நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அடக்கத்தன்று பம்பு உண்மையிலேயே பழுதா?

"பம்பு ஓடுச்சு. கம்பிவலையில கோரை வந்து அடைச்சிருச்சு. முந்தின நாள் புயல். தண்ணி பக்கத்துல மாடு வச்சிருக்கிற அய்லெர்ட் கொட்டகை வாசல் வரைக்கும் வந்தாச்சு, உள்ள கன்னுக்குட்டிங்க. கொக்கி வச்சு இழுத்துட்டே இருந்தேன். மணிச் சத்தம் கேட்டுது. அப்பதான் நேரம் ஞாபகம் வந்துது."

"போன் பண்ணியிருக்கலாமே."

"வண்டியில இருந்துச்சு. பண்ணணும்னு தோணல." கோப்பையைச் சுழற்றினான். "தோணலன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியுமா? பம்பு பழுதுன்னு சொல்றதுதான் மரியாதையா இருந்துச்சு."

"இன்னும் அவளுக்குத் தெரியாதா?"

"இப்ப உனக்குத் தெரியும்ல. உன் சுவரு மெல்லிசுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அவளிடம் சொல்லவில்லை. அவன் நான் சொல்ல வேண்டும் என்று விரும்பினானா, சொல்லக் கூடாது என்று விரும்பினானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் அதுதான். இதை ஹில்கெ படிக்கப்போவதில்லை, தமிழ் தெரியாது.

கிளம்பும்போது அவன் டிராம்போனை எடுத்தான். பம்பு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அவன் அதன்மேல் ஒரு சுரம் வைத்து, குழலை மெல்ல இழுத்து, முனகலும் அவன் ஊதலும் ஒன்றாகும் இடத்தைத் தேடினான். வேலை நேரமெல்லாம் இதைத்தான் செய்கிறான் போல. கண்டுபிடித்தபோது தகரக் கூரை அதிர்வது நின்றது.

முதல் பிரதியை அடுப்பில் போட்டேன்.

5

அவர்கள் பேசிக்கொண்டது ரொட்டிக்கடை வரிசையில். எனக்கு முன்னால் ஹில்கெ, அவளுக்கு முன்னால் ரேம்ட்.

"யோவ்" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "உன் பொண்ணு புதுசா ஒண்ணு சொல்றா. முதல் ரெண்டு சரணம் கோஷ்டி வாசிக்கணுமாம், மூணாவது நீயும் நானும் மட்டுமாம்."

"எனக்கும் சொன்னா. எந்த சுருதியில?"

"ஏ-ஃபிளாட்."

அவன் திரும்பினான். "கட்டைய மாத்தப் போறியா?"

"கட்டை அப்படியேதான். என் வீட்டுல ஏ-ஃபிளாட் இல்ல. உன்கிட்ட இருக்கு. கொண்டு வா."

கடைக்காரப் பெண் ரொட்டியை நீட்டியபடியே நின்றாள். ரேம்ட் வாங்கவில்லை.

"நான் கொண்டு வரலன்னா?"

"ஓட்டையாத்தான் இருக்கும். எல்லாரும் கேப்பாங்க."

"அப்ப நீ ஓநாயத் தொட்டுருவியா?"

"அந்தக் கட்டையவா? செத்தாலும் தொட மாட்டேன்."

ஒத்திகைகளில் நான் கூட இருந்தேன். ஆர்கனின் குழாய் வரிசைகளைத் திறந்து மூடும் ஸ்டாப்புகளை இழுத்துவிடும் வேலை எனக்கு. முதல் நாள் அவன் ஊதியது கொஞ்சம் தாழ்வாக இருந்தது. "மேல" என்றாள். "இன்னும். இன்னும். உன் கோஷ்டி வாசிக்கிற ஏ-ஃபிளாட் இல்ல, இந்த சி-க்கு அடியில உட்கார்ற ஏ-ஃபிளாட்." அவன் முகம் சிவந்து, "காதுக்கடைக்காரின்னு காட்டறியா?" என்றான். ஆனால் குழல் நகர்ந்தது. ஒரு நொடியில் அவளுடைய இரண்டு சுரங்களும் அவனுடைய ஒன்றும் தனித்தனியாகக் கேட்பது நின்றுபோனது. அவர்கள் இருவரும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

6

எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன, கல்யாணத்துக்கு முன்பே. அவன் வரவில்லை, அவள் ஓட்டையோடு வாசித்து முடிக்கிறாள், சபையில் யாரோ பாடி நிரப்புகிறார்கள் என்பது ஒன்று. அவன் வருகிறான், தேனாக முடிகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதில் புயல் வருகிறது. [வெட்கமாக இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் புயலின் சபலம் எப்போதும் உண்டு.]

நடந்தது இது.

மே மாதம், வெயில், லேசான காற்று. ரேம்ட் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். கோட்டு போட்டு, முடியை ஈரம் தடவி வாரி, மாடத்தில் ஆர்கன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். ஹில்கெ வந்ததும் அவனைப் பார்த்து, "பம்ப யார் பாக்கறா?" என்றாள்.

"அய்லெர்ட்."

"போன்?"

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

முதல் இரண்டு சரணங்களைக் கோஷ்டி கீழே பீடத்தருகே நின்று வாசித்தது. முடிந்ததும் ஃபோக்கோ கொம்பை வைத்துவிட்டு மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கோயில் மணியும் அவர் பொறுப்புதான். பாட்டு முடிந்ததும் அழுத்த வேண்டும்.

மூன்றாவது சரணம். சபை பாடியது. அவள் சன்னல்களை வாசித்தாள், அவன் வீட்டை வைத்தான். இதை நான் இனிமை என்று எழுதினால் குறைவு. ஒலி காற்றில் வரவில்லை, சுவரிலிருந்து கசிந்து வந்தது போல இருந்தது. கடைசி வரி. கடைசிச் சுரம், நீளமாகப் பிடிக்க வேண்டியது.

அப்போது ரேம்ட் கைப்பிடிக்கு மேலாகக் கீழே பார்த்துவிட்டான். டாலெயா மணமகனைப் பார்க்கவில்லை. மாடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் திறந்து பாடியபடி, கன்னமெல்லாம் நனைந்து. டிராம்போன் ஊதுகிறவனுக்கு அழ வழி கிடையாது. உதடு ஆடினால் போச்சு. ஆடிற்று. சுரம் நடுங்கி, காற்றாகி, நின்றது.

ஓட்டை திறந்தது. எல்லோரும் கேட்டார்கள். சிலர் திரும்பினார்கள்.

ஹில்கெ அவனைப் பார்த்தாள். அவன் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தோற்றுப்போனவன் முகத்தோடு நின்றான். அவள் இடது கை சுண்டுவிரல் அந்தக் கறுப்புக் கட்டைமேல் இறங்கியது. நான் பக்கத்தில் நின்றேன். தவறிப் பட்டது அல்ல. வைத்தாள். அழுத்தினாள்.

ஓநாய் எழுந்தது. கோயில் முழுக்க, நல்ல உடையிலும் பூவிலும் நின்ற அத்தனை பேர் தலைக்கு மேலும், வெட்கமே இல்லாத ஊளை. போதகர் பல்லைக் கடித்தார். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டாலெயாவும் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே. ஹில்கெ கையை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, நேரே பார்த்தபடி, அந்த அசிங்கமான சுரத்தை அவனுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரேம்ட் குழலை உதட்டில் வைத்தான்.

அவன் சுரம் வந்தது. ஏ-ஃபிளாட். அவளுடைய ஜி-ஷார்ப்புக்கு ஒட்டினாற்போல மேலே. இரண்டும் உரசின, உரசலில் பெஞ்சு நடுங்கியது. ஒரே இடத்தில் இரண்டு சுரம் நிற்க முடியாது. யாராவது ஒருவர்

அங்கே ஃபோக்கோ மணிப் பொத்தானை அழுத்தினார். ஊளை கேட்டதும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். அவர் காதில் இருப்பது ஹில்கெயே விற்ற கருவி. மணிச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. அது ஓய்ந்தபோது ஆர்கன் அமைதியாக இருந்தது, குழல் கீழே இருந்தது, மணமக்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

7

அடுத்த ஞாயிறு ஹில்கெயின் சமையலறை. கல்யாணக் கேக்கின் மிச்சம். நான் வந்தபோது ரேம்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். ஏன் வந்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நான் விரல எடுத்துட்டேன்" என்றாள் ஹில்கெ. "நீ வந்ததும் எடுத்துட்டேன். அது உன் இடம். நான் எதுக்கு அங்க?"

"எடுக்கல. எடுக்கறதுக்குள்ள நான் இறங்கி வந்துட்டேன். குழல இழுத்து, நீ நின்ன இடத்துக்கு."

"ஜி-ஷார்ப்புக்கா? அந்தத் தப்பான இடத்துக்கா?"

"தப்போ சரியோ. நீ அங்க தனியா நின்னே."

"அப்படி வந்திருந்தா ஊளை ரெண்டு மடங்காயிருக்கும்யா."

"ஆச்சுன்னுதான் சொல்றேன்."

"பொய். சுத்தமா முடிஞ்சுது. என் காதுக்குத் தெரியாதா?"

"மணி அடிச்சப்ப எந்தக் காதுக்கு என்ன தெரியும்?" அவன் முள்கரண்டியால் என்னைக் காட்டினான். "இவ பக்கத்துல நின்னா. இவளக் கேளு."

ஒரு மணியோசைக்கும் அடுத்த மணியோசைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் எனக்கு ஏதோ கேட்டது, உண்மைதான். அதை எழுதினால் ஒருவர் விட்டுக்கொடுத்ததாகும், மற்றவர் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் ஆகும். இந்த இடத்தில் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அடித்தேன். ஒன்றில் அவள் விரல். இன்னொன்றில் அவன் குழல். இரண்டுமே நம்பும்படி இருந்தன, அதுதான் தொந்தரவு.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தேநீர் இன்னும் சூடாக இருக்கிறது. அவளுக்கும் அவனுக்கும் நடந்தது முழுக்க இப்போது உங்களுக்குத் தெரியும். பம்பு அன்று பழுதாகவில்லை என்பது உட்பட, அது அவளுக்குத் தெரியாது என்பது உட்பட. கடல் ஏறும் நேரம், ரேம்ட் மதகுக்குப் போக வேண்டும். கோட்டில் ஒரு கையை விட்டுவிட்டான், இன்னொரு கையை விடாமல் நிற்கிறான். ஹில்கெ கோப்பையை வாய் வரை கொண்டுபோய்க் குடிக்காமல் வைத்திருக்கிறாள்.

உங்களைத்தான் பார்க்கிறார்கள். சொல்லுங்கள்.